உப்புத் தெரியாத நாக்கு: கல்யாணச் சமையற்காரர் ஒருவரின் சுவையிழப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

வைகாசி முகூர்த்தம் ஒன்றின் முதல் பந்தியில் சாம்பாரைப் பிசைந்து வாயில் வைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மோர் கேட்கத் தொடங்கியபோதுதான், ஏதோ பிசகு நடந்திருக்கிறது என்பது சமையற்கட்டுக்குத் தெரிந்தது. அண்டாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்த உதவியாளர், "மாஸ்டர், உப்புக் கரிக்குது" என்றார். அதே கரண்டியில் மிச்சமிருந்ததை மாஸ்டரும் வாயில் விட்டுப் பார்த்தார். அவருக்கு அது உப்பே போடாதது போல இருந்தது. காவிரிக்கரை ஊர்களில் 40 ஆண்டுகளாகக் கைக்கணக்கிலேயே உப்பும் புளியும் போட்டுப் பழகியவருக்கு நோயை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது பந்தியில் இருந்தவர்களின் முகம்.

அவருக்கு வயது 58. எங்கள் காது மூக்கு தொண்டைப் புறநோயாளிப் பிரிவுக்கு அவர் வந்தது அதற்கு ஐந்து வாரங்கள் கழித்து, ஆனி நடுவில். (இங்கே சொல்லப்படும் நோயாளி, கற்பித்தலுக்காகப் பலருடைய விவரங்களைச் சேர்த்து, அடையாளம் புலப்படாதபடி அமைக்கப்பட்டவர், மருந்தின் இயல்பும் நோயின் போக்கும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.) வந்தபோது அவருடைய முறையீடு ஒரே வரிதான்: "வாய் சப்புன்னு இருக்கு டாக்டர், மண்ணைத் தின்கிற மாதிரி." எடை 61 கிலோவிலிருந்து 55 கிலோவாகக் குறைந்திருந்தது. தட்டைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது, ஒப்புக்கொண்ட இரண்டு கல்யாணங்களை வேறு ஆளிடம் விட்டுவிட்டேன், தூக்கமும் சரியில்லை என்றார். உடன் வந்திருந்த மனைவி, "இவங்க வீட்டுலயும் எல்லாத்துலயும் உப்பை அள்ளிப் போட்டுக்கிறாங்க" என்று சொன்னது எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. இரத்த அழுத்தம் 160/96 இருந்தது. முந்தைய சீட்டுகளில் அது 130-ஐ ஒட்டியே இருந்து வந்திருக்கிறது. சுவைக் கோளாறு உயிரை எடுக்காது என்று அதை ஒதுக்கி வைப்பவர்களுக்கு இந்த அளவீட்டைக் காட்டலாம்.

எங்களிடம் வருவதற்கு முன்பு அவர் வேறொரு மருத்துவரைப் பார்த்திருந்தார். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் துத்தநாக மாத்திரையும் எழுதித் தரப்பட்டு, ஒரு மாதம் தவறாமல் சாப்பிட்டும் பயனில்லை. துத்தநாகத்தால் வயிறு குமட்டியதுதான் மிச்சம். அதன் பிறகு தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டு, அதுவும் இயல்பாக வந்திருந்தது. அந்த ஒரு மாதத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அதற்கு வருவதற்கு முன், "ருசி தெரியவில்லை" என்ற சொல்லுக்குள் எத்தனை வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்பதைப் பார்த்துவிட வேண்டும். அவற்றைப் பிரித்தறியாமல் எழுதப்படும் மருந்துச் சீட்டு குத்துமதிப்பானது.

ஒரே சொல், பல நோய்கள்

நாம் பழகிய அறுசுவைக் கணக்கில் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு என்று ஆறு உண்டு. உடலியங்கியல் கணக்கு வேறு. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகிய நான்கோடு, 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்துக் காட்டிய உமாமியும் சேர்ந்து ஐந்து. கார்ப்பு இந்தப் பட்டியலில் இல்லை. மிளகாயின் எரிச்சலைச் சுவை மொட்டுகள் உணர்வதில்லை. முகத்தின் வலியையும் சூட்டையும் தொடுதலையும் கடத்துகிற முக்கிளை நரம்பாகிய ஐந்தாம் மூளை நரம்பே நாக்கிலும் அதை உணர்த்துகிறது. வாழைப்பூவின் துவர்ப்பும் பெரும்பாலும் ஒரு தொடு உணர்வுதான்; எச்சிலின் வழுவழுப்பு போய் வாய் இறுகுவதையே நாம் துவர்ப்பு என்கிறோம். அறுசுவை தவறு என்று சொல்ல வரவில்லை. உண்பவனின் அனுபவத்தை அது நரம்புக் கணக்கைவிட நேர்மையாகச் சொல்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் நோயாளியிடம் "காரம் தெரிகிறதா?" என்று கேட்டு, "தெரிகிறது" என்ற பதிலை வைத்துக்கொண்டு சுவையுணர்வு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டினால் அது பிழை. நம் நோயாளிக்கும் பச்சை மிளகாய் சுருக்கென்று உறைத்தது. அதனால் முக்கிளை நரம்பு நலமாக இருக்கிறது என்று தெரிந்ததே தவிர, அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

இரண்டாவது, மணம். சுவை போய்விட்டது என்று வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் போயிருப்பது மோப்பம். உணவை மெல்லும்போது அதன் ஆவி தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறுகிறது. ஏலக்காயும் நெய்யும் மல்லித்தழையும் நாம் வாயில் உணர்வதாக நினைத்துக்கொண்டு மூக்கில் உணர்பவை. கோவிட் பரவிய ஆண்டுகளில் இதை வீட்டுக்கு வீடு அனுபவித்தார்கள். அவர்களில் சிலருக்கு மோப்பம் திரும்பி வந்தபோது திரிந்து வந்தது. காபி கருகல் நாற்றமாகவும் வெங்காய வதக்கல் சாக்கடை நாற்றமாகவும் மாறியது. அவர்களுக்குச் சர்க்கரையும் உப்பும் நாக்கில் சரியாகவே தெரியும். அவர்களுக்கான சிகிச்சை மோப்பப் பயிற்சி: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும் சில வினாடிகள் கவனமாக முகர்ந்து, குறைந்தது 12 வாரங்களாவது விடாமல் செய்ய வேண்டும். நாக்கு நோய்க்காரருக்கு இந்தப் பயிற்சியைக் கொடுப்பதும், மூக்கு நோய்க்காரருக்குத் துத்தநாகம் கொடுப்பதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

நாக்கு நோய்க்குள்ளேயே மீண்டும் பிரிவுகள் உண்டு. சுவை அறவே தெரியாமல் போவது முழுச் சுவையிழப்பு, இது அரிது. மங்கித் தெரிவது சுவைக்குறைவு. ஒரு சுவை வேறொன்றாகத் தெரிவது, பெரும்பாலும் இனிப்புகூடக் கசப்பதோ எல்லாமே இரும்பைக் கடித்தது போல இருப்பதோ, சுவைத்திரிபு. வாயில் எதுவும் இல்லாதபோதே கசப்போ உப்போ நிலைத்திருப்பது பொய்ச்சுவை. இவற்றோடு ஒட்டி வருவது வாயெரிவு நோய். மாதவிடாய் நின்ற பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் இதில், நாக்கைப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது, ஆனால் நுனி நாக்கு வெந்நீர் பட்டது போல நாள் முழுதும் காந்தும், கூடவே கசப்பும் இருக்கும். புற்றுநோய் பயத்தோடு வருகிற அவர்களுக்கு முதல் மருந்து, அது இல்லை என்று நன்றாகப் பார்த்துச் சொல்வதுதான். அடுத்ததாக, க்ளோனசெபாம் மாத்திரையை விழுங்காமல் சில நிமிடம் வாயில் கரையவிட்டுத் துப்பும் முறை பலருக்குக் காந்தலைத் தணிக்கிறது. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் அதைத் தொடங்கக் கூடாது.

பரிசோதித்த விதம்

முதலில் வாயைப் பார்த்தோம். வெற்றிலை போடும் பழக்கம் உண்டு, புகையிலை இல்லை. கன்னத்தின் உட்புறம் இறுகவில்லை. வெள்ளைத் திட்டோ புண்ணோ இல்லை. பூஞ்சைப் படலம் இல்லை. எச்சில் போதுமான அளவு இருந்தது. நாக்கின் மேற்பரப்பில் செம்புள்ளிகளாகத் தெரியும் காளான் வடிவக் காம்புகளும், அடிநாக்கில் தலைகீழ் 'வி' வடிவில் அமைந்த பெரிய வட்டக் காம்புகளும் கண்ணுக்கு இயல்பாகவே இருந்தன. காதுகளில் பழைய அறுவைத் தழும்பு இல்லை; முகம் இருபுறமும் ஒத்து அசைந்தது.

பிறகு மூக்கு. கண்ணை மூடச் சொல்லி, ஒரு நாசியை அடைத்து மறு நாசியின் கீழே சிறு குப்பிகளைக் காட்டினோம். கிராம்பை உடனே சொன்னார். காபித் தூளுக்கு, "காபி, சிக்கரி தூக்கலா இருக்கு" என்றார். மூன்றாவது குப்பியை முகர்ந்தவர் சற்று நிதானித்து, "பெருங்காயம். பொடி இல்ல, கட்டி" என்றார். அதை நிரப்பி வைத்த செவிலியருக்கே அது கட்டியை நுணுக்கியது என்பது நினைவில்லை. டப்பாவை எடுத்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார். இந்த மூக்கில் குறை தேட வேண்டியதில்லை.

அடுத்து நாக்கு. இதற்கு நாங்கள் பயன்படுத்துவது சுவை தோய்த்த வடிதாள் பட்டைகள். சர்க்கரை, சிட்ரிக் அமிலம், உப்பு, குயினைன் ஆகிய நான்கும் ஒவ்வொன்றும் நான்கு செறிவுகளில், ஆக 16 பட்டைகள். வலுக்குறைந்ததிலிருந்து வலுமிக்கதற்கு ஏறிச் செல்ல வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் இடையே வாயைக் கொப்பளிக்க வேண்டும்; நாக்கை நீட்டியிருப்பவர் பேச முடியாது என்பதால் நான்கு சொற்கள் எழுதிய அட்டையில் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். தெரியாவிட்டாலும் ஏதோ ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும் என்பது விதி. நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தொடுபவருக்கே சராசரியாக நான்கு சரியாகிவிடும் என்பதால், 9-க்குக் குறைந்தால் சுவைக்குறைவு என்று கொள்கிறோம். அவர் பெற்றது 3. உப்பில் ஆகச் செறிந்த பட்டையை நாக்கில் வைத்தபோது, அரை நிமிடம் கண்ணை மூடியிருந்துவிட்டுப் புளிப்பைத் தொட்டார். அட்டையைத் தள்ளி வைத்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை.

இதே பட்டைகளை நாக்கின் வலப்புறம், இடப்புறம், முன்புறம், பின்புறம் என்று தனித்தனியாக வைத்துப் பார்த்ததே நோயின் இருப்பிடத்தைக் காட்டியது. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கின் சுவையை, ஏழாம் மூளை நரம்பாகிய முகநரம்பின் கிளையான கோர்டா டிம்பனி கொண்டு செல்கிறது. பின் மூன்றில் ஒரு பங்கின் சுவை ஒன்பதாம் நரம்பின் வழியாகச் செல்கிறது. தொண்டையின் கீழ்ப்பகுதிக்குப் பத்தாம் நரம்பு. நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிப் பாடநூல்களில் இன்னும் அச்சாகிவரும் நாக்கு வரைபடம், 1901-இல் வெளியான ஒரு ஜெர்மன் கட்டுரையின் முடிவுகளைப் பின்னால் வந்தவர்கள் தவறாகப் படித்ததால் உண்டானது. எல்லாச் சுவைகளும் சுவை மொட்டுள்ள எல்லா இடத்திலும் தெரியும். ஆகவே நம் நோயாளிக்கு வாய் முழுதும், இருபுறமும், முன்னும் பின்னும் ஒரே அளவில் சுவை போயிருக்கிறது என்றால், அதை நரம்பில் வைத்து விளக்குவதற்கு இரண்டு ஏழாம் நரம்புகளும் இரண்டு ஒன்பதாம் நரம்புகளும் ஒரே நேரத்தில், வேறெந்த அறிகுறியும் இன்றிப் பழுதாகியிருக்க வேண்டும். அது நடக்கக்கூடியதன்று. வாய் முழுதும் சமமாகப் போன சுவைக்குக் காரணத்தை இரத்தத்தில், அதாவது உடல் முழுதும் ஓடுகிற ஏதோ ஒன்றில்தான் தேட வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

நரம்பு நோயில் நடப்பது இதற்கு நேர்மாறானது. நடுக்காதில், சுத்தியெலும்புக்கும் பட்டடையெலும்புக்கும் இடையே நூல் போல ஓடுகிற கோர்டா டிம்பனி, செவிப்பறை அறுவையின்போது இழுபடுவதோ அறுபடுவதோ உண்டு. அப்படி ஒருபுறம் சுவை அற்றுப்போனவர்களில் பலர் அதை உணர்வதே இல்லை. மற்ற நரம்புகள் ஈடுகட்டிவிடுகின்றன. உணர்பவர்களும் "சுவை தெரியவில்லை" என்று சொல்வதில்லை, "நாக்கின் இந்தப் பக்கம் தகரம் மாதிரி இருக்கிறது" என்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டில் அது தணிந்துவிடும். காத்திருப்பதே சிகிச்சை, அறுவைக்கு முன்னரே இப்படி நேரலாம் என்று சொல்லி வைப்பது அதைவிட நல்ல சிகிச்சை. ஒருபுறமாகச் சுவை போனதோடு முகவாதம், காது கேளாமை, விழுங்கச் சிரமம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்திருந்தால் மட்டும் தலைக்கு ஸ்கேன் எடுக்கத் தயங்கக் கூடாது.

மஞ்சள் பைக்குள் இல்லாத அட்டை

சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருந்தோம். மனைவி மஞ்சள் பையை மேசை மேல் கவிழ்த்தார். சர்க்கரை நோய்க்கு எட்டு ஆண்டுகளாகச் சாப்பிடும் மெட்பார்மின், இரத்த அழுத்தத்துக்கு நான்கு ஆண்டுகளாகச் சாப்பிடும் அம்லோடிபின், புதிதாக வந்த பி காம்ப்ளெக்ஸ், துத்தநாகம். மெட்பார்மின் சிலருக்கு வாயில் உலோகச் சுவையைத் தரும். ஆனால் எட்டு ஆண்டு ஒன்றும் செய்யாத மாத்திரை ஒன்பதாம் ஆண்டு வைகாசியில் திடீரென்று இதைச் செய்வதற்கு வழியில்லை. சர்க்கரைக்காகச் சிறுகுறிஞ்சான் இலையை மெல்லுகிறாரா என்றும் கேட்டோம். அதிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் இனிப்பு வாங்கிகளை அடைத்துக்கொள்வதால், மென்ற பிறகு அரை மணி நேரம்போலச் சர்க்கரை வெறும் மணலாகத் தெரியும். ஆனால் அது இனிப்பை மட்டுமே மறைக்கும், விரைவில் விட்டும் போகும். அவர் அதைத் தொட்டதில்லை.

"வேறு ஏதாவது? மாத்திரை, லேகியம், களிம்பு, எதுவானாலும்" என்று மூன்றாம் முறை கேட்டபோது சட்டைப் பையிலிருந்து பாதி காலியான ஓர் அட்டையை எடுத்தார். "இது தோலுக்குப் போடறது டாக்டர். படர்தாமரைக்கு. இதைப் போய் உங்ககிட்ட எதுக்குக் காட்டறதுன்னு..." என்று இழுத்தார். டெர்பினாபைன் 250 மில்லிகிராம்.

அதன் பின்னணி நம் ஊர் மருந்துக் கடைகளை அறிந்த எவருக்கும் புதிதல்ல. அடுப்பு அனலில் நாள் முழுதும் ஈர வேட்டியோடு நிற்பவருக்கு இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை வந்தது. முதலில் கடையில் கேட்டு வாங்கியது ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பு. அரிப்பு இரண்டு நாளில் அடங்கியது, வட்டம் மட்டும் அகன்றுகொண்டே போனது. பின்னர் தோல் மருத்துவர் அந்தக் களிம்பை நிறுத்தச் சொல்லி, பங்குனிக் கடைசியில் டெர்பினாபைன் நாளுக்கு ஒரு மாத்திரையாக நான்கு வாரத்துக்கு எழுதினார். நான்கு வாரம் முடிந்ததும் திரும்பிப் போகாமல், மாத்திரையை விட்டால் அரிப்பு வந்துவிடும் என்ற பயத்தில், பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். எங்களிடம் வந்தபோது அது பதினோராம் வாரம். சாம்பார் கரித்தது ஆறாம் வாரம்.

அந்த ஆறாம் வாரம் என்பதே பாதி நோயறிதல். டெர்பினாபைனால் வரும் சுவையிழப்பு முதல் சில நாள்களில் வருவது அரிது. ஐந்து முதல் ஏழு வாரங்கள் கடந்து மெல்லத் தலைகாட்டுவதே வழக்கம். இதனால்தான் நோயாளியும் மருத்துவரும் இரண்டையும் முடிச்சுப் போடத் தவறுகிறார்கள். நகப் பூஞ்சைக்கு இந்த மாத்திரையைக் கொடுத்து நடத்திய ஆய்வுகளில் 2.8 விழுக்காட்டினருக்குச் சுவைக் கோளாறு ஏற்பட்டது; வெற்று மாத்திரை உண்டவர்களில் அது 0.7 விழுக்காடு. வயது கூடியவர்களுக்கும் உடல் மெலிந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். உண்பது குறைந்து எடை இறங்குவதும், மனச்சோர்வு வருவதும் மருந்தின் குறிப்பேட்டிலேயே எச்சரிக்கையாக அச்சிடப்பட்டுள்ளன. பூஞ்சையின் செல்சவ்வுக்குத் தேவையான கொழுப்புப் பொருளின் உற்பத்தியைத் தடுத்து அதைக் கொல்லும் மருந்து இது. நம் சுவைச் செல்களிலும் அதே வேதிப்பாதையில் குறுக்கிடுவதாகக் கருதப்படுகிறது, முடிவாக நிறுவப்படவில்லை.

டெர்பினாபைன் மட்டும் இதைச் செய்வதில்லை. பல் எடுத்த பிறகு கொடுக்கப்படும் மெட்ரோனிடசோல் வாயை இரும்பாக்கும். கிளாரித்ரோமைசின் கசக்க வைக்கும். பழைய இரத்த அழுத்த மருந்தான கேப்டோபிரில் இதற்குப் பேர்போனது. கண்ணழுத்தத்துக்குக் கொடுக்கும் அசிட்டசோலமைடு சோடாவின் சுரீரென்ற தன்மையைப் பிடுங்கிவிடும். கழுத்துக்குக் கதிர்வீச்சு பெறுபவர்களுக்குச் சில வாரங்களிலேயே சுவை மங்கி, சிகிச்சை முடிந்து பல மாதங்களில் பெரும்பாலும் மீளும். அவர்களுக்கு எச்சில் வறட்சி தனித் தொல்லை.

செய்ததும் செய்யாததும்

டெர்பினாபைனை அன்றே நிறுத்தினோம். கல்லீரலையும் இது தாக்கக்கூடியது என்பதால் அதற்கான இரத்தப் பரிசோதனை செய்தோம், இயல்பாக இருந்தது. தைராய்டு, வைட்டமின் பி12, துத்தநாகம் மூன்றும் வரம்புக்குள் இருந்தன. துத்தநாகம் ஒரு மாதம் உண்டவரின் அளவு அது என்பதால் அந்த ஒன்றை வைத்து எதுவும் சாதிக்க முடியாது என்பதையும் குறித்து வைத்தோம்.

துத்தநாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உடலில் அது குறைந்தால் சுவை கெடும், கொடுத்தால் மீளும் என்பது உண்மை. சிறுநீரக நோயாளிகளுக்கும், குடலில் சத்து உறிஞ்சப்படாதவர்களுக்கும், பெனிசிலமைன் போன்ற மருந்து உண்பவர்களுக்கும் அதைக் கொடுப்பதில் நியாயம் உண்டு. மற்ற எல்லோருக்கும் அது தரும் பயன் பற்றிய சான்று வலுவற்றது. கூடுதல் அளவில் நெடுநாள் உண்டால் தாமிரத்தைக் குறைத்து இரத்தசோகையையும் நரம்புத் தளர்ச்சியையும் கொண்டுவரும். சுவைக் கோளாறு என்றதும் கை தானாகத் துத்தநாகம் எழுதுவது, காரணத்தைத் தேடும் வேலையைத் தள்ளிப்போட ஒரு வழியாகிவிட்டது என்பது என் எண்ணம். இந்த நோயாளி துத்தநாகத்தையும் டெர்பினாபைனையும் ஒரே கை நீரில் விழுங்கிக்கொண்டிருந்தார்.

படர்தாமரையை என்ன செய்வது என்பதைத் தோல் மருத்துவரோடு கலந்து முடிவு செய்தோம். மாற்று மாத்திரையான இட்ராகோனசோல் அம்லோடிபினோடு சேர்ந்தால் கால் வீக்கமும் இதயத்தின் மேல் சுமையும் கூடும். நோய் பெரும்பாலும் ஆறியிருந்ததால் லூலிகோனசோல் களிம்பும், வேலை முடிந்ததும் ஈரத் துணி மாற்றுவதும், வேட்டி துண்டுகளை வெந்நீரில் தனியே துவைத்து வெயிலில் உலர்த்துவதும் போதும் என்று அவர் சொன்னார். போதுமானதாகவே இருந்தது.

நோயாளிக்குச் சொல்ல வேண்டியதில் மிகக் கடினமானது காலக்கணக்கு. சுவைச் செல்களின் ஆயுள் ஏறக்குறைய பத்து நாள்தான். அப்படியானால் பத்து நாளில் சுவை வந்துவிட வேண்டாமா என்று அவர் மகன் நியாயமாகவே கேட்டார். ஆனால் டெர்பினாபைன் கொழுப்பிலும் தோலிலும் தங்கி, மிக மெதுவாகவே வெளியேறுகிறது. கடைசிக் கட்டத்தில் அது பாதியாகக் குறையவே 200 முதல் 400 மணி நேரம் ஆகும். மருந்து உள்ளே இருக்கும்வரை புதிதாகப் பிறக்கும் செல்களும் அதன் பிடியிலேயே பிறக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சுவை மீள்கிறது. சிலருக்கு ஓராண்டைத் தாண்டியிருக்கிறது. மீளாதவர்களும் அரிதாக உண்டு. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தயங்கிவிட்டு, சொன்னோம்.

இடைக்காலத்தில் அவர் எப்படிச் சாப்பிடுவது, எப்படிச் சமைப்பது என்பதே மிச்ச சிகிச்சை. மூக்கும் காரமும் பழுதின்றி இருந்ததால் அவற்றை வைத்தே உணவை அமைத்தோம்: சூடான ரசத்தில் மிளகும் சீரகமும், புதினாத் துவையல், இஞ்சி, தாளித்த கறிவேப்பிலை, உடன் மொறுமொறுப்புக்கு அப்பளம். எடை ஏறுவதற்கு முட்டையும் பயறும். உப்பை மட்டும் மனைவி கையில் ஒப்படைத்தோம். மேசையில் உப்புக் கிண்ணம் வைக்கக் கூடாது. சமையற்கட்டுக்கு ஒரு மின்தராசு வாங்கச் சொன்னபோது அவருக்கு முகம் சுருங்கியது. கைக்கணக்கைத் தராசில் வைப்பது தன்னைத் தராசில் வைப்பதாக அவருக்குப் பட்டிருக்கலாம். ஆனால் ஆவணியில் வேலைக்குத் திரும்பியபோது, உதவியாளரைத் தன் கையால் உப்பை அள்ளச் சொல்லாமல், தானே அள்ளித் தராசில் கொட்டி எடையைக் குறித்துக்கொண்டாராம். அவர் கைப்பிடி ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே எடை காட்டியதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். கெட்டுப்போனது நாக்கு மட்டும்தான், கை அன்று என்றால் வைகாசியில் சாம்பார் ஏன் கரித்தது என்று கேட்டோம். கடைசியில் வாயில் விட்டுப் பார்த்து, போதவில்லை என்று மேலும் மேலும் போட்டதால்தான் என்றார்.

மனச்சோர்வுக்குத் தனியாக மருந்து தரவில்லை. இரண்டு வாரத்துக்கொரு முறை வரச் சொல்லி எடையையும் தூக்கத்தையும் கேட்டு வந்தோம். நான்காம் வாரத்திலிருந்து தூக்கம் சீரானது. மருந்தின் பக்க விளைவு என்ற ஐயத்தை, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குப் படிவம் வழியாகத் தெரிவித்தோம். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளிகளே நேரடியாகவும் தெரிவிக்கலாம். காரணத் தொடர்பைக் கணக்கிடும் நரஞ்சோ அளவுகோலில் இந்த நிகழ்வு 7 பெற்றது; 'பெரும்பாலும் மருந்தால் வந்தது' என்ற படி. மருந்தை மீண்டும் கொடுத்துப் பார்த்திருந்தால் 9 ஆக உயர்ந்து உறுதியாகியிருக்கும். ஒரு சமையற்காரரின் நாக்கில் அந்தச் சோதனையைச் செய்வதற்கு எங்களுக்கு மனமில்லை.

ஏழாம் வாரத்தில் பட்டைச் சோதனையின் மதிப்பு 8 ஆனது. முதலில் வந்தது இனிப்பு. ஒரு நாள் காலைக் காபியில் சர்க்கரை போட்டிருப்பதைக் கண்டுபிடித்து மனைவியிடம் கோபித்துக்கொண்டிருக்கிறார். உப்பு ஆவணிக் கடைசியில் வந்தது. ஐப்பசி முடிவில், மாத்திரை நிறுத்திய இருபதாம் வாரத்தில், மதிப்பு 13, எடை 59 கிலோ, இரத்த அழுத்தம் 134/84. கசப்பில் நீர்த்த இரண்டு பட்டைகளையும் புளிப்பில் ஒன்றையும் அவரால் இன்னும் இனங்காண முடியவில்லை. பாகற்காய் வெறும் காயாகத்தான் இருக்கிறது என்கிறார். 'டெர்பினாபைன் கூடாது' என்று எழுதிய அட்டையைச் சட்டைப் பையில், முன்பு அந்த மாத்திரை இருந்த இடத்தில் வைத்திருக்கிறார். அடுத்த சோதனை தை மாதத்தில்.